டிரம்பெட்காரனுக்கு விட்ட இடம்

நைனா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரேவதி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று கேட்காத ஆளில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன், நீ என்னிடம் சொன்னதும் அதுதானே. ஆனால் பெண்ணைப் பெற்ற உன் குமார் மாமா மண்டப வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மருமவனே, என் கதைய எழுதி முட்ச்சிட்டியா?" என்று கேட்பான், அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நீ புனேயிலேயே இருந்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக நினைத்திருந்தால் திருத்து. எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவள் நான், என்னையும் யாராவது திருத்தினால் சந்தோஷம்தான்.

மாசக் கடைசியில் பதிப்பகத்துக்கு எழுதிவிடப் போகிறேன், நாவலை விட்டுவிடுகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். காரணமும் சொன்னாய். மாமா கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்த கதையை மறுபடி எதற்குச் சொல்ல வேண்டும் என்றாய். ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று பிடிபடவில்லை என்றாய். கடலுக்குள் நடந்ததை மாமா வாய் திறந்து சொன்னதே கிடையாது, நீயாகக் கற்பனை செய்து எழுதிய அந்த அத்தியாயம் எத்தனை முறை மாற்றினாலும் பொய்யாகவே நிற்கிறது என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், நைனா. தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில், பாதி வேலை செய்கிற ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

அதற்கு முன்னால் மாமாவின் கதையை ஒருமுறை நேராகச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேள். ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால், உன் மாமாவுக்கு மீசை சரியாக முளைக்காத வயதில், அவனும் படகின் சொந்தக்காரர் நாகப்பரும் கூட வேலை செய்த ஏழுமலையும் காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போனார்கள். புயல் பிடித்துக்கொண்டது, இஞ்சின் நின்றுபோனது. தேடிப் போன படகுகள் வெறுமனே திரும்பின. இனி வரமாட்டார்கள் என்று ஊரார் முடிவு கட்டினார்கள். காரியத்துக்கு நாள் குறித்து நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். காரியத்தன்று காலையில் உன் மாமா தெருமுனையில் வந்து நின்றான், யாரோ கொடுத்த தொளதொளப்பான பேண்ட்டை இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு. பந்தலைப் பார்த்தான். "இன்னா, யாரு பூட்டாங்க?" என்று கேட்டான். ஆந்திராப் பக்கத்துப் படகு ஒன்று அவனையும் நாகப்பரையும் தூக்கிக் காப்பாற்றியிருந்தது. ஏழுமலை வரவில்லை. இவ்வளவுதான் கதை.

இதற்குமேல் எல்லாம் அவரவர் சொந்தச் சரக்கு. உன் மாமாவின் கூட்டாளி டில்லி மாமாவைக் கேட்டால், டோல்கேட்டில் அரிசி லாரியிலிருந்து குமார் இறங்கியதைத் தான்தான் முதலில் பார்த்ததாகவும், பேய் என்று நினைத்து ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் ஓடியதாகவும் சொல்வான். உன் அத்தை அப்போது மாமாவுக்கு நிச்சயம் செய்த பெண். "யாரு பூட்டாங்க" என்று கேட்டது தன் முகத்தைப் பார்த்துத்தான் என்பாள். என்னைக் கேட்டால் என்னிடம்தான் கேட்டான், நான் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டேன். டில்லி அது குடம் என்பான். கல்யாண வீடு, சாவு வீடு எங்கே கூடினாலும் இந்தச் சண்டை உண்டு. மாமா சிரித்துக்கொண்டே கேட்பானே தவிர இன்னார் சொல்வதுதான் சரி என்று ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. கடலைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து டீ வாங்கப் போய்விடுவான்.

இனி வரவேற்புக்கு வருகிறேன். ரேவதியோடு கல்லூரியில் படித்த ஜெசிந்தா என்ற பெண்ணை நீ பார்த்ததில்லை. ராயபுரத்துப் பெண். பகலில் துறைமுகத்துக்கு எதிரில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமைகளில் எங்கோ தெற்கே போய் ஜாஸ் வாசிக்கிறாள். வீட்டுச் சுவர் மெல்லிசு, அதனால் சாக்ஸபோனின் வாய்க்குள் பழைய பெட்ஷீட்டைத் திணித்துக்கொண்டு பழகுவாளாம். பாட்டுக்கச்சேரி வேண்டாம், இவள்தான் வாசிக்க வேண்டும் என்று ரேவதி ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். ஜாஸ் என்றால் பெரிய ஓட்டலில் சாப்பிடும்போது பின்னால் ஓடுகிற சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மேடையில் நான்கு மைக் வைத்திருந்தார்கள். ஆள் மூன்று பேர்தான். ஜெசிந்தாவின் கையில் சாக்ஸபோன், ஒரு பையனிடம் பேஸ் கிட்டார், இன்னொருவன் டிரம்ஸ். நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. டில்லி மாமாவை உனக்குத் தெரியாதா, முதல் வரிசையில் குந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாமா, நாலு மைக்குக்கு வாடக குட்துட்டு மூணு பேரு வந்துகீறீங்க?"

"டிரம்பெட்டு அந்தோணி வந்துகினே கீறான்ணே. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிகினான்."

"கண்டெய்னர் லாரியா? அப்ப ரேவதி வளகாப்புக்குத்தான் வந்து சேருவான்."

மண்டபமே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். கொஞ்ச நேரம் ஏதேதோ வாசித்தார்கள். ஜனங்கள் பாயசத்தைப் பற்றியும் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். டில்லிக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்குப் புரியற மாறி ஒண்ணு வாசிமா. எங்க கடல் பாட்டு ஒண்ணு எடேன் பாப்போம்" என்றான். அவள் அசரவில்லை. "நீங்க ஒரு தபா பாடுங்கண்ணே, நான் புட்ச்சிக்கறேன்" என்று மைக்கை அவனிடம் நீட்டிவிட்டாள்.

டில்லி படகு இழுக்கிற பாட்டைப் பாடினான். ஃபைபர் படகைக் கரைக்கு ஏற்றும்போது இன்றைக்கும் பாடுகிறார்களே, அதுதான். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், இழுக்கிறவர்கள் "ஏலோ" என்று பதில் கொடுப்பார்கள், பதில் விழுகிற அதே நொடியில் எல்லார் தோளும் ஒன்றாக இழுக்கும். ஜெசிந்தா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு அதை அப்படியே வாசித்தாள். ஒரு நெளிவு இல்லை, ஒரு ஒட்டு வேலை இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் போல, எல்லார் வாய்க்கும் எட்டும்படி மெட்டை முழுசாகக் கொடுத்தாள். மண்டபத்தில் கை தட்டாத ஆள் இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது.

துறைமுகத்தில் கிரேன் கண்டெய்னரைத் தூக்குவதைச் சின்ன வயதில் நீ வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய், ஞாபகம் இருக்கிறதா? தரையில் கிடந்தவரைக்கும் அது வெறும் பெட்டி. அந்தரத்தில் ஏறி மெல்லத் திரும்பும்போது கீழே நிற்கிற அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்ப்பார்கள். அந்த மெட்டை அவள் அப்படித்தான் தூக்கினாள். நம் பாட்டுதான், ஆனால் நமக்குத் தெரியாத பக்கமெல்லாம் திரும்பியது. ஓரிடத்தில் அழுவதுபோல் இருந்தது, அடுத்த மூச்சில் டில்லியைக் கேலி செய்தது. எவ்வளவு தூரம் போனாலும் எனக்குள்ளே அந்த "ஏலோ" தானாக ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த பாட்டு என்பதால்தானே அவள் எவ்வளவு தூரம் போகிறாள் என்று எனக்குத் தெரிகிறது! தெரியாத பாட்டாக இருந்திருந்தால் அவள் எங்கே போனாலும் எனக்கு ஒன்றுதான்.

திடீரென்று சாக்ஸபோன் நின்றது. டிரம்ஸும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஜெசிந்தா வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், கண் வாசல் பக்கம் இருந்தது. ஏதோ மறந்துவிட்டாள் என்று எனக்குப் பதறியது. வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் நின்றால் எனக்குப் பதறுமே, அதே பதற்றம். டில்லி விடுவானா? "இன்னாமா, காத்து பூட்ச்சா? பம்ப்பு வேணுமா?" என்று கத்தினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரியாக ஒரு இடத்தில் மறுபடி எடுத்து வாசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி நிறுத்தினாள். அந்த வெற்றிடத்தைப் பொறுக்க முடியாமல் டில்லி எழுந்து நின்று கையைத் தட்டி "ஏலோ, ஏலோ" என்று பாட ஆரம்பித்தான். பின்னால் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அப்போது மணமேடைப் பக்கம் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்ற உன் மாமா சட்டென்று திரும்பினான். பட்டு வேட்டி தடுக்க, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து டில்லியின் கையைப் பிடித்தான்.

"சும்மா இர்ரா. அது ஒர்த்தனோட எடம்."

"யாரோட எடம்? அங்க யார்ரா கீறான்?"

"யாரும் இல்ல, அதான். சும்மா இரு."

மாமா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டில்லி உட்கார்ந்துவிட்டான். மாமா அங்கேயே நின்று, நாற்காலியின் முதுகில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் விரல் நின்ற அதே நொடியில் ஜெசிந்தா சாக்ஸபோனை வாயில் வைத்தாள். அவள் எப்போது திரும்பி வருவாள் என்று அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. ஜாஸ் வாசிப்பதையே அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டவன் அவன்.

இன்னொரு சுற்று போனது. மறுபடியும் நிறுத்தினாள். இந்த முறை மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. டிரம்ஸ் மட்டும் கேட்டது. அப்போது வாசலிலிருந்து ஒரு டிரம்பெட் எழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு பையன், தலையில் ஹெல்மெட், சட்டை முழுக்க எண்ணூர் ரோட்டுப் புழுதி, தோளில் பை தொங்க, நடந்துகொண்டே வாசிக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரம் இல்லை, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு வாசிக்கிறான். அவனுக்காகக் காலியாக இருந்த அந்த இடத்தில், வேறெங்கும் இல்லை, சரியாக அந்த இடத்தில் வந்து சேர்ந்தான். சனம் எழுந்து கூச்சல் போட்டது. டில்லி, "டேய், இன்னா, யாரு பூட்டாங்கன்னு கேளுடா!" என்று கத்த, மண்டபமே குலுங்கிச் சிரித்தது. நான் மாமாவைத் தேடினேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பந்தியில் ஜெசிந்தா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, அவன் வரவில்லை என்றால் நீயே அந்த இடத்தையும் வாசித்துவிடக் கூடாதா?" என்றேன். "வாசிக்கலாம் டீச்சர். எங்க குரூப்புல அப்டி வாசிக்கறது இல்ல. முதல்ல பாட்ட அப்டியே எல்லாருக்கும் குடுத்துடுவோம். அப்பால ஆளுக்கு ஒரு முற, அவங்கவங்க பாஷைல. யார் வாசிச்சது கரெக்டுன்னு கேக்க மாட்டோம். வராதவனுக்கும் முற உண்டு" என்றாள். பாயச வாளியோடு பந்தி விசாரித்துக்கொண்டு வந்த மாமா எங்கள் இலைக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"அவன் கடசி வரிக்கும் வரலன்னா இன்னாமா பண்ணிருப்ப?"

"கடைசி வரைக்கும் வுட்டுட்டுத்தான் வாசிச்சிருப்பேன் அங்கிள். நான் ரொப்பிட்டேன்னா ஒர்த்தன் வரலன்றதே யாருக்கும் தெரியாம பூடும்ல?"

மாமா வாளியைக் கீழே வைத்தான். கல்யாண வேட்டியோடு எங்களுக்கு எதிரில் தரையிலேயே குந்தினான். "நாங்களும் அப்டித்தான் பண்ணோம்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னான். இஞ்சின் நின்றபிறகு தூங்கிவிடக் கூடாது என்று நாகப்பர் அந்தப் பாட்டை எடுத்தாராம். அவர் அடியெடுத்துக் கொடுப்பார், ஒரு பதில் இவன், அடுத்த பதில் ஏழுமலை. மாற்றி மாற்றி. ஏழுமலையின் குரல் தேய்ந்துகொண்டே வந்து ஒரு விடியலில் நின்றுவிட்டது. "நாகப்பரு அடுத்த அடிய எட்த்தாரு. அவன் பதிலுக்கு நானே ஏலோன்னு வாயத் தொறந்தேன். பளார்னு ஒரு அற வுட்டாரு. 'அவன் மொறடா அது'ன்னாரு. அப்பால பாடிகினே இருந்தோம். அவன் எடம் வந்தா வுட்டுடுவோம். அலை பலகைல வந்து அடிக்கும், அந்த சத்தம் மட்டும்தான் கேக்கும். ஆந்திரா போட்டு வந்து எங்களத் தூக்கற வரிக்கும் அப்டித்தான்."

இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கூடவே இருந்த அக்காவிடம் சொல்லாததை, ஒரு சாயங்காலம் சாக்ஸபோன் வாசித்த பெண்ணிடம் சொல்லிவிட்டான். எனக்கு வருத்தமில்லை. அவள் சொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை, வாசிக்காமல் காத்திருந்தாள், அவ்வளவுதான். அதைத்தான் நான் நினைத்து நினைத்து வியக்கிறேன்.

எழுந்திருக்கும்போது மாமா என்னைக் கேட்டான். "பையன் எழுதிகினுதானக்கா கீறான்?" விட்டுவிடப் போவதாகச் சொல்கிறான் என்றேன். ஏன் என்றான். நீ சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டான். "எல்லாரும் சொல்றதையும் எழுதச் சொல்லுக்கா. டில்லி சொல்றதையும் எழுதட்டும், அவன் வுடற பொய்யி சோக்கா கீது. ஏழுமலைக்கு மட்டும் எடம் வுட்டு எழுதச் சொல்லு. அத்த ரொப்ப வேணா." பிறகு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

நைனா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மாமா கதையைச் சொல்வேன். அடுத்த வெள்ளியும் அதையேதான் கேட்பார்கள். பந்தல் வரைக்கும் வந்ததும் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வரி அத்தனை பேருக்கும் மனப்பாடம். இருந்தும் நான் வாயைத் திறக்கும்வரை ஒரு பெஞ்சும் அசையாது. தெரிந்த கதையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்டபோது அந்தப் பிள்ளைகள் எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஜெசிந்தா வாசித்துத்தான் நினைவுபடுத்தினாள். அவள் மெட்டை முதலிலேயே முழுசாகக் கொடுத்ததுபோல், நீயும் முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடேன். போனவர்கள் யார், வந்தவன் யார், வராதவன் யார் என்று. அதற்குமேல் படிக்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்ற கவலை இருக்காது, நீ எவ்வளவு தூரம் கூட்டிப்போனாலும் வருவார்கள். டில்லியும் அத்தையும் நானும் சொல்வதில் எது உண்மை என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டாய். சொம்பா குடமா என்று தீர்ப்புச் சொல்ல உன்னை யாரும் உட்கார வைக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு முறை கொடு. எங்கள் சண்டைக்கு அடியில் அந்த மெட்டு தானாக ஓடும்.

வராமல் அடம்பிடித்த அந்த அத்தியாயம் இருக்கிறதே, அது உன் கை வராததால் வந்த குறை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ஏழுமலையின் முறை, நைனா. அவனுக்காக நீ "ஏலோ" சொல்லிப் பார்த்தாய், அது பொய்யாக ஒலித்தது. உன் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா, ஜெசிந்தா நிறுத்தியபோது டிரம்ஸ் நிற்கவில்லை. நின்றிருந்தால் அது வெறும் மறதி. சுற்றிலும் தாளம் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த இடத்தில் ஒரு ஆள் இல்லை என்று தெரிந்தது. அலை பலகையில் அடிக்கிற சத்தத்தை நீ எழுதலாம். நாகப்பர் அடுத்த அடியை எடுப்பதை எழுதலாம். நடுவில் இருப்பதை எழுதாமல் விட்டுவிடலாம்.

இவ்வளவு எழுதிவிட்டு, பதிப்பகத்துக்கு நீ என்ன பதில் போட வேண்டும் என்றும் எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் கடைசி வரியை நானே எழுதிப் பழகிவிட்டேன், கை தானாகப் போகிறது. இந்த முறை எழுதப் போவதில்லை. அது உன் முறை. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற ஞாயிறு போன் செய்யும்போது சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று ஆரம்பிக்காதே. முதல் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டு. பந்தல் வரைக்கும் வந்தால் போதும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். அடுத்த வரி எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்போம்.

அம்மா